பூசணம் பிடித்த புண்ணாக்கைப் புழுவுக்குப் போடலாமா?

ஐப்பசி மழை விட்டதும் எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். "ரெண்டு மூட்டை கடலைப் புண்ணாக்கு நனைஞ்சு பூசணம் பூத்துப்போச்சு கண்ணு, மாட்டுக்குப் போட மனசு வரல, நீ வளர்க்கிற புழுவுக்குப் போட்டுக்கறியா? அதுதான் எதைப் போட்டாலும் செரிச்சிடுதே" என்று சித்தப்பா கேட்டார். வீணாகப் போகிறதே என்ற ஆதங்கம் அவருக்கு. நாட்டுக்கோழிக்கென்று பிஎஸ்எஃப் புழு (பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற கறுப்பு ஈயின் புழு) வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இதே கேள்வி அவர்களிடமும் வந்திருக்கும்.

என் பதில், வேண்டாம். ஆனால் பலரும் நினைப்பது போலப் புழு செத்துவிடும் என்பதால் சொல்லவில்லை. புழு சாகாது, நன்றாகவே கொழுக்கும், அதன் உடம்பைப் பரிசோதனைக்கு அனுப்பினால் பூசணம் சுரக்கும் நஞ்சு தெரியாமலே போகவும் வாய்ப்பு அதிகம். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இது கோழியோடு நிற்கிற விஷயம் இல்லை, முட்டை, மீன், பால் வழியாக நம் வீட்டுப் பிள்ளைகள் வரைக்கும் வருகிற விஷயம்.

முதலில் நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மானாவாரிக் கடலை பெரும்பாலும் ஆடிப் பட்டத்தில் விதைப்பதுதான். காய் முற்றுகிற நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டால் மண் காய்ந்து செடி வாடும், பிடுங்குகிற நேரத்தில் பார்த்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சைக்கு இந்த இரண்டுமே தோதானவை. வறட்சியில் தளர்ந்த செடியின் காய்க்குள் மண்ணிலிருந்தே ஏறிவிடும், அப்புறம் சரியாகக் காயாத காயை மூட்டை கட்டி வைத்தால் மூட்டைக்குள்ளேயே பெருகும். அந்தக் கடலையை ஆட்டும்போது நஞ்சில் கொஞ்சம்தான் எண்ணெயோடு போகும், பெரும்பங்கு புண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

பூசணம் பிடித்த ஒரு புண்ணாக்குக் கட்டியை உடைத்துப் பாருங்கள், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு. மேலே ஒன்றும் பெரிதாகத் தெரியாது. உடைந்த பக்கத்தில் விரிசல் ஓடுகிற இடமெல்லாம் மஞ்சள் கலந்த பச்சையில் பொடி படிந்திருக்கும், விரல் பட்டால் ஒட்டிக்கொள்ளும், ஈரச் சாக்கின் வாடை வரும். வெயிலில் இரண்டு நாள் போட்டால் பொடி உதிர்ந்துவிடும், வாடை போய்விடும், மாடும் முகம் திருப்பாமல் தின்னும். சரியாகிவிட்டது என்று நாமும் நினைத்துக்கொள்வோம். செத்துப்போனது பூஞ்சை மட்டும்தான். அது சுரந்து வைத்துவிட்டுப் போன அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அங்கேயே இருக்கும், வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் கொண்டுபோய் விட்டது. அப்படித்தான் அஃப்ளாடாக்சின் உலகத்துக்குத் தெரியவந்தது. அதில் பி1 என்ற வகைதான் மோசமானது, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பி1 நேரடியாக அவ்வளவு கொடூரம் செய்வதில்லை. கல்லீரலில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் கூட்டம் அதைக் கரைத்து வெளியேற்றப் பார்க்கிறது, அப்படிச் செய்யும்போது எபாக்சைடு என்ற வீரியமான பொருள் உண்டாகி அதுதான் போய் மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் வேலையே ஆபத்தாக முடிகிறது. சில விலங்குகளிடம் அந்த எபாக்சைடைப் பிடித்துக் கட்டிவிடும் இன்னொரு நொதி வலுவாக இருக்கும். எலிகளில் சுண்டெலி பி1ஐத் தாங்குவதும் வான்கோழி தாங்காததும் இந்த இரண்டாவது நொதியைப் பொறுத்துத்தான். பசு மாட்டில் பி1இன் ஒரு பங்கு எம்1 என்ற இன்னொரு வகை அஃப்ளாடாக்சினாக மாறிப் பாலில் வந்துவிடும், தின்றதில் 1 முதல் 6 சதவீதம் வரைக்கும், தின்ற ஒரு நாளுக்குள்ளேயே. பாலில் எம்1 கிலோவுக்கு அரை மைக்ரோகிராம் அளவைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி, ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி.

ஆக ஒரு உயிர் நஞ்சைத் தின்றால் நான்கு வழிதான். உடம்பில் சேர்த்துவைக்கலாம், அப்படியே கழிக்கலாம், வேறொன்றாக மாற்றிக் கழிக்கலாம், அல்லது பால், முட்டை மாதிரி ஏதாவது ஒன்றில் இறக்கிவிடலாம். புழுவுக்குப் பாலும் இல்லை முட்டை வியாபாரமும் இல்லை, மீதி மூன்றில் எது நடக்கிறது என்பதுதான் கேள்வி.

பிஎஸ்எஃப் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்பாக, பார்க்கக் குளவி மாதிரி இருக்கும் ஒரு ஈ. கடிக்காது, சாப்பாட்டுத் தட்டைச் சுற்றாது. வலைக்கூண்டுக்குள், லவ் கேஜ் என்று சொல்வோம், மரச்சில்லுகளின் இடுக்கில் முட்டை வைக்கும். நான்கு நாளில் பொரிந்து, இரண்டு வாரத்துக்குள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவிலிருந்து விரல் நுனி அளவுக்குத் தடித்துவிடும். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்கூழ் ஆலை ஓடும் சீசனில் தோலும் கொட்டையும் குவிகிறதே, ராயக்கோட்டையில் விலை விழுந்தால் தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிறார்களே, அதையெல்லாம் புரதமாக மாற்ற இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. மீனுக்கும் கோழிக்கும் கொடுக்கிறோம். வெளிநாடுகளில் மனிதர் தின்னவே பூச்சி வளர்க்கிறார்கள்: மாவுக்குள் இருக்கும் மஞ்சள் மீல்வார்ம் புழு, சுவர்க்கோழி, இன்னும் சில. மஞ்சள் மீல்வார்முக்கு 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவாக அனுமதி கொடுத்தது. முதல் மழையில் கிளம்பும் ஈசலைப் பிடித்து வறுத்து அரிசிப் பொரியோடு தின்று வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகக் குழு இதை நேராகவே சோதித்துப் பார்த்தது. கோழித் தீவனத்தில் பி1ஐக் கலந்து, கிலோவுக்கு 0.01 மில்லிகிராமில் தொடங்கி 0.5 மில்லிகிராம் வரைக்கும் படிப்படியாக ஏற்றி, பிஎஸ்எஃப் புழுவுக்கும் மஞ்சள் மீல்வார்முக்கும் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் தீவனப் பொருளுக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அப்படியென்றால் கடைசித் தட்டில் இருந்தது அதைப்போல 25 மடங்கு. இரண்டு புழுவும் அசரவில்லை. சாவும் கூடவில்லை, எடையும் குறையவில்லை. பிஎஸ்எஃப் புழுவின் உடம்பில் பி1ம் இல்லை, எம்1ம் இல்லை, அதாவது கருவி காணக்கூடிய மிகச் சிறிய அளவுக்கும் கீழே. மீல்வார்மின் உடம்பில் கொஞ்சம் பி1 இருந்தது, அதுவும் உச்சவரம்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், கூடவே கழிவில் எம்1 வந்தது.

இந்த ஒரு செய்திதான் அரைகுறையாகக் கிளம்பி, வாட்ஸ்அப்பில் சுற்றி, புழு விஷத்தைத் தின்று செரிக்கும் என்று சித்தப்பா வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்திருக்கிறது. ஆய்வில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆய்வு செய்தவர்களே அடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள், அது திண்ணைக்கு வந்து சேரவில்லை. போட்ட நஞ்சு எங்கே போயிற்று?

கடையில் சாயங்காலம் கல்லாவை எண்ணிப் பார்க்கிற மாதிரிதான் இது. காலையில் இருந்தது இவ்வளவு, செலவானது இவ்வளவு, மீதி இவ்வளவு இருக்க வேண்டும். தட்டில் போட்ட தீவனத்தில் எவ்வளவு பி1 இருந்தது என்று தெரியும். புழுவைச் சலித்தெடுத்து அதில் எவ்வளவு என்று அளக்கிறார்கள், சல்லடைக்குக் கீழே விழுந்த எச்சத்திலும் மிச்சத் தீவனத்திலும் எவ்வளவு என்று அளக்கிறார்கள், எம்1 மாதிரி தெரிந்த மாற்றுப் பொருட்களையும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். கூட்டினால் போட்டதில் 20 சதவீதம்கூடத் தேறவில்லை. மீதி 80 சதவீதத்துக்கும் மேல் கணக்கில் இல்லை.

கணக்கில் இல்லை என்றால் அழிந்துவிட்டது என்று அர்த்தமா? அதுதான் இல்லை. அளக்கிற கருவி, நாம் தேடச் சொல்கிற மூலக்கூறைத்தான் தேடும். எந்தப் பொருளைத் தேடுகிறோமோ அதன் சுத்தமான மாதிரி கையில் இருந்தால்தான் இவ்வளவு இருக்கிறது என்று எண் கொடுக்கும். பி1 வேறு ஏதோ ஒன்றாக மாறி அந்த ஏதோ ஒன்று பட்டியலில் இல்லையென்றால், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் கருவி ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும்.

அந்த ஏதோ ஒன்று என்ன என்று தேடிய 2019ஆம் ஆண்டு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, அதன் செய்முறை அவ்வளவு நேர்த்தி. உயிரோடு இருக்கும் புழுவை விட்டுவிட்டு, புழுவை அரைத்து, சுழற்றி வண்டலை ஒதுக்கி, நொதிகள் இருக்கும் மேல்நீரை மட்டும் எடுத்தார்கள். அந்தச் சாற்றில் பி1ஐப் போட்டுப் பார்த்தார்கள். இன்னொரு பக்கம் அதே சாற்றில் பைப்பரோனில் பியூடாக்சைடு என்ற பொருளைக் கலந்தும் பார்த்தார்கள். கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கிற ஸ்பிரேக்கள் பலவற்றில் இது இருக்கும், பூச்சியின் பி450 நொதிகளைக் கட்டிப்போட்டு மருந்து நன்றாக வேலை செய்ய வைப்பதற்காகச் சேர்ப்பது. இதைச் சேர்த்ததும் ஒரு மாற்றம் நின்றுபோனால், அந்த மாற்றத்தைச் செய்தது பி450தான் என்று பிடிபட்டுவிடும்.

கண்டது இதுதான்: போட்ட பி1இல் சுமார் 60 சதவீதம் இரண்டு பொருளாக மாறியது, மீதி 40 சதவீதம் மாறாமலே நின்றது. மாறியதில் ஒன்று அஃப்ளாடாக்சின் P1 (தமிழில் எழுதினால் இதுவும் பி1தான், ஆனால் நாம் இதுவரை பேசிய பி1 ஆங்கிலத்தில் B1), அதன் நச்சு குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதைச் செய்வது பி450. மற்றொன்று அஃப்ளாடாக்சிகால், இதைச் செய்வது அநேகமாக வேறொரு நொதி. இந்த இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாத பொருள். அஃப்ளாடாக்சிகால் சாதுவான பொருள் கிடையாது. அது பி1க்கு அருகில் வருகிற அளவுக்கு நச்சு உள்ளது, அதைவிட முக்கியம், பல விலங்குகளின் உடம்பில் அது திரும்பவும் பி1 ஆகவே மாறக்கூடியது. அப்படியென்றால் புழு நஞ்சை அழித்தது என்று சொல்வதைவிட, ஒரு பங்கை வேறு உருவத்தில் ஒளித்து வைத்தது என்று சொல்வதுதான் பொருத்தம்.

பூச்சிக்கு இந்தத் திறமை எப்படி வந்தது என்று யோசித்தால் ஆச்சரியமில்லை. பிஎஸ்எஃப் அழுகலில் வாழப் பிறந்தது, மீல்வார்ம் நாள்பட்ட மாவிலும் தானியத்திலும் வாழப் பிறந்தது. இரண்டுமே பூஞ்சையோடு ஒரே தட்டில் சாப்பிட்டுத்தான் பல தலைமுறை வந்திருக்கின்றன. பச்சை இலை தின்கிற புழுவுக்கும் செடியின் நஞ்சைச் சமாளிக்கும் பி450 உண்டு. ஆனால் எல்லாப் பூச்சிக்கும் ஒரே அளவு தாங்குதிறன் இல்லை, அமெரிக்க மக்காச்சோளக் கதிர்ப்புழுவின் குஞ்சுகள் பி1 கலந்த உணவில் சீக்கிரமே நலிந்துவிடும்.

நம் ஊருக்கு வந்தால் இதற்கு நேரெதிரான உதாரணம் இருக்கிறது. இங்கே பட்டுப்புழு வளர்க்கிற கிராமங்கள் பல. இளம்புழு வளர்ப்பு மையத்தில், சாக்கி சென்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஈரம் கொஞ்சம் கூடினாலும் பதறுவார்கள். ஏனென்றால் அதே ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை இளம் பட்டுப்புழுவின் உடம்பிலேயே வேரோடிக் கொன்றுவிடும். கவனியுங்கள், அது நஞ்சு தின்றதால் வருகிற சாவு கிடையாது, பூஞ்சையே உள்ளே புகுவதால் வருவது. பிஎஸ்எஃப் புழு நஞ்சைத் தாங்கும் என்பதை வைத்துக்கொண்டு பூசணத்தைக் கொட்டகையில், தட்டில், குடிலில் பரவவிட்டால் பக்கத்து வீட்டுப் பட்டுமனைக்குப் பூஞ்சை வித்து பறக்கும். புழுக்குடிலையும் பட்டுமனையையும் ஒரே காம்பவுண்டில் வைத்திருப்பவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அஃப்ளாடாக்சின் ஒன்றுதான் பூஞ்சை நஞ்சு என்றும் இல்லை. மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் ஃபியூசேரியம் என்ற இன்னொரு பூஞ்சை வரும், அது டிஆக்சிநிவலினால், சியரலினோன் என்று வேறு நஞ்சுகளைச் சுரக்கும். ஒவ்வொன்றையும் புழு ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது.

டிஆக்சிநிவலினாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இலேயே வெளிவந்த இன்னோர் ஆய்வில் மீல்வார்முக்கு அந்த நஞ்சு உள்ள கோதுமை மாவைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு வயலிலேயே பூஞ்சை பிடித்த கோதுமை, இன்னொரு பிரிவுக்கு நல்ல மாவில் நஞ்சைக் கலந்து கொடுத்தது. புழுவின் உடம்பில் இரண்டிலும் நஞ்சு தெரியவில்லை. கழிவில் தெரிந்தது: வயல் கோதுமை தின்றவை, தின்ற நஞ்சில் 14 சதவீதத்தைக் கழித்தன, கலந்த மாவு தின்றவை 41 சதவீதத்தைக் கழித்தன. ஒரே புழு, ஒரே நஞ்சு, ஆனால் அது தீவனத்தில் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தே கணக்கு மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் பாட்டிலிலிருந்து ஊற்றிக் கலந்து கண்ட முடிவை, நம் கொட்டகையில் இயற்கையாகப் பூசணம் பிடித்த மூட்டைக்கு அப்படியே பொருத்த முடியாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சியரலினோன் இன்னும் சிக்கல். அது பெண்மை ஹார்மோன் மாதிரி வேலை செய்கிற நஞ்சு, பன்றிகளில் கருப்பிடிப்பையே கெடுத்துவிடும். 2018இல் பிஎஸ்எஃப் புழுவையும், பிராய்லர் குடிலின் எருவுக்குள் ஓடுமே அந்தச் சின்னக் கறுப்பு வண்டின் புழுவையும் வைத்து, நான்கு நஞ்சுகளைத் தனித்தனியாகவும் கலந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் சேரவில்லை, நல்ல செய்தி. ஆனால் சியரலினோன் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு சியரலினாலாக மாறியது. இதில் ஆல்ஃபா வகையின் ஹார்மோன் வேலை மூலப் பொருளைவிடப் பல மடங்கு வலுவானது. மாற்றிவிட்டது என்பதாலேயே நன்மை செய்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

உடம்பில் சேராது என்பதையும் எல்லா விஷத்துக்கும் பொதுவாக்கிவிடாதீர்கள். பூஞ்சை நஞ்சைத் தங்கவிடாத அதே பிஎஸ்எஃப் புழு, காட்மியம் என்ற கன உலோகத்தைத் தீவனத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. உலோகத்தை எந்த நொதியும் உடைக்க முடியாது. ஓசூர் பக்கம் தொழிற்சாலைக் கழிவுநீர் பாய்ந்த நிலத்துக் காய்கறிக் கழிவை எடுத்துப் புழுவுக்குப் போடுபவர்கள் பூசணத்தைவிட முதலில் இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

இப்போது சல்லடைக்குக் கீழே வருவோம். எல்லோரும் மேலே நிற்கிற புழுவைத்தான் பார்க்கிறார்கள். அறுவடை அன்று தட்டைச் சல்லடையில் கொட்டி ஆட்டினால் கொழுத்த புழுக்கள் மேலே நெளியும், கீழே கறுப்பாக, காப்பித்தூள் அளவுக்கு, கொஞ்சம் ஈரமாக எச்சம் விழும். அதோடு தின்னாமல் விட்ட புண்ணாக்குத் துகளும் கிடக்கும். புழுவின் உடம்பில் இல்லாத நஞ்சில் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது, பி1 ஆகவோ, எம்1 ஆகவோ, அஃப்ளாடாக்சிகாலாகவோ, பெயர் தெரியாத ஒன்றாகவோ. எடையில் பாதிக்கு மேல் புழுவாகவும் ஆவியாகவும் போய்விட்ட பிறகு, மிஞ்சியதில் அதன் அடர்த்தி கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. நாம் அதை என்ன செய்கிறோம்? செடிக்கு எருவாகப் போட்டால் பெரிய பயமில்லை, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அஃப்ளாடாக்சினை மெல்லச் சிதைத்துவிடும். ஆனால் எச்சத்தைச் சலிக்கச் சோம்பல்பட்டு தட்டோடு கோழி முன்னால் வைத்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், கோழி புழுவைப் பொறுக்கிவிட்டு எச்சத்தையும் கிளறித் தின்னும். மீன் குட்டையில் எச்சத்தைத் தீவனத்தோடு கலந்து தூவுகிறவர்களும் உண்டு. பூசணத் தீவனம் போட்டிருந்தால் புழுவின் வழியாகத் தப்பித்த நஞ்சு இந்தச் சந்து வழியாக உள்ளே வந்துவிடும்.

ஐரோப்பாவில் பூச்சி எச்சத்தை எருவாக விற்பதற்கு முன் 70 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது கிருமிக்கான விதி. பூஞ்சை நஞ்சு அந்தச் சூட்டுக்கு அசையாது, ஆகவே சூடாக்கிய எச்சம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் தீவனத்துக்கு அது சான்றாகாது. அங்கே இன்னொரு விதியும் உண்டு, அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்: வளர்க்கிற பூச்சியும் கால்நடைதான், மாட்டுக்கும் கோழிக்கும் தீவனத்தில் என்ன வரம்போ அதே வரம்புதான் அதற்கும். வரம்பு தாண்டிய மூட்டையை நல்ல மூட்டையோடு கலந்து நீர்த்துப்போகச் செய்து போடுவதும் தடை.

வீணாகும் பயிரைக் காப்பாற்ற நினைப்பது தப்பே இல்லை. அந்த நெதர்லாந்து ஆய்வும் அந்த எண்ணத்தில்தான் தொடங்கியது, ஒதுக்கப்பட்ட பயிரை உணவுச் சங்கிலிக்குள் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கத்தான். முடியும் என்றுதான் நானும் நம்புகிறேன், ஆனால் அது நடக்க வேண்டிய இடம், உள்ளே போகிற மூட்டையையும் வெளியே வருகிற புழுவையும் எச்சத்தையும் மூன்றையும் அளக்கக்கூடிய இடம். அஃப்ளாடாக்சிகாலையும் சேர்த்து அளக்க வேண்டும். நம் கொட்டகையில் அந்த வசதி இல்லை. பூசணப் புண்ணாக்கை நான் எருக்குழியில்தான் போடச் சொல்வேன், சித்தப்பாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவருக்கு மனசே இல்லை. "இவ்வளவு காசு மண்ணுக்கா போவணும்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அந்த இழப்பு அவர் தலையில் மட்டும் விழுவது சரியில்லை. அறுவடை நேரத்தில் காயவைக்கக் களமும் தார்ப்பாயும், ஊருக்குப் பக்கத்தில் ஈரப்பதம் பார்க்கும் ஒரு கருவியும் இருந்திருந்தால் அந்த மூட்டை கெட்டே இருக்காது. நிலக்கடலைப் பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் இந்தப் பூஞ்சை பெருகாது.

கண்ணுக்குப் பூசணம் தெரியாத, ஆனால் சந்தேகமான மூட்டைதான் உண்மையில் பலரிடம் இருப்பது. அதற்கு ஒரே வழி பரிசோதனை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, கோழிப்பண்ணைக்காரர்கள் பல வருஷமாக அங்கே அனுப்புகிறார்கள், நாமும் அனுப்பலாம். மாதிரி எடுப்பதில்தான் கவனம் வேண்டும். இந்த நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருக்காது, ஆயிரம் பருப்பு சுத்தமாக இருக்க ஒரே ஒரு பருப்பில் மூட்டைக்கே போதுமான நஞ்சு இருக்கலாம். மேலே இருப்பதை ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் அந்த அறிக்கையால் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று பல இடத்தில் எடுத்து, ஒன்றாகக் கொட்டிப் பொடித்து, நன்றாகப் புரட்டி, அதிலிருந்து அரைக் கிலோவைக் காகிதப் பையில் போட்டு அனுப்புங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பி1 எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். புழுவைக் கோழிக்குப் போடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கத் தீவனம் இல்லாமல் வைத்திருங்கள், குடல் காலியாகும். மஞ்சள் மீல்வார்மை மனிதர் தின்ன அனுமதித்தபோதும் குறைந்தது 24 மணி நேரப் பட்டினியைச் செய்முறையிலேயே சேர்த்திருந்தார்கள். எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவதென்றால் புழுவோடு கலக்காமல் வேறு பையில் போட்டு, எந்தத் தீவனம் தின்ற தட்டு என்று மேலே எழுதி அனுப்புங்கள்.